லண்டன் போலீசார் வேலைநிறுத்தம்: கேட்டதும் சொன்னதும்

1918-லும் 1919-லும் இங்கிலாந்துப் போலீசார் நடத்திய வேலைநிறுத்தங்கள் பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும்.

போலீஸ்காரர்களே வேலைநிறுத்தமா? நிஜமாகவே நடந்ததா?

நடந்தது. 1918 ஆகஸ்ட் 30 அன்று லண்டன் மாநகரப் போலீசில் பெரும்பாலோர் பணிக்கு வரவில்லை. தடை செய்யப்பட்ட சங்கத்தில் தீவிரமாக இருந்ததற்காக டாமி தீல் என்ற காவலரை வேலையை விட்டு எடுத்திருந்தார்கள். அது உடனடிக் காரணம். அடியில் கிடந்தது சம்பளம்தான். போரில் விலைவாசி இரண்டு மடங்காகியும் சம்பளம் அந்த அளவுக்கு ஏறவில்லை.

பலன் கிடைத்ததா?

மறுநாளே! பிரதமர் லாயிட் ஜார்ஜ் சங்கத்தாரை அழைத்துப் பேசினார். சம்பளம் உயர்ந்தது, விதவைகளுக்கு ஓய்வூதியம் வந்தது, தீல் வேலைக்குத் திரும்பினார். ஆணையர் எட்வர்ட் ஹென்றி பதவி விலகினார். (கொல்கத்தாவில் 1897-ல் கைரேகைப் பிரிவு தொடங்கக் காரணமாக இருந்த அதே ஹென்றி.) சங்கத்துக்கு அங்கீகாரம் மட்டும் "போர்க்காலத்தில் முடியாது" என்றார் பிரதமர். அப்படியென்றால் போர் முடிந்ததும் கிடைக்கும் என்று சங்கத்தார் எடுத்துக்கொண்டார்கள். எழுதி வாங்கவில்லை. என்னைக் கேட்டால், அங்கேதான் கோட்டை விட்டார்கள்.

அப்புறம் 1919-ல் ஏன் தோற்றார்கள்?

அரசு முந்திக்கொண்டது. காவலருக்குக் குறைந்தபட்ச வாரச் சம்பளம் 70 ஷில்லிங் என்று டெஸ்பரோ குழு பரிந்துரைக்க, அரசு ஏற்றது. அதே கையோடு சங்கத்துக்கு முடிவு கட்டும் சட்டமும் வந்தது. சங்கத்துக்குப் பதிலாக, வேலைநிறுத்த உரிமை இல்லாத கூட்டமைப்பு ஒன்றைக் கொடுத்தார்கள். பணம் கைக்கு வரும் நேரத்தில் லண்டனில் வெகு சிலரே வெளியே வந்தார்கள். லிவர்பூலில் மட்டும் ஏறக்குறைய பாதிப்பேர். கடைகள் சூறையாடப்பட்டன, ராணுவம் இறங்கியது, 'வேலியன்ட்' என்ற போர்க்கப்பல் மெர்சி ஆற்றுக்கே வந்து நின்றது.

நம் நாட்டில் இப்படிச் செய்ய முடியுமா?

1966-ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதியின்றிச் சங்கம் சேர்வதே குற்றம். கர்நாடகத்தில் சம்பளம், விடுப்பு, மேலதிகாரிகளின் கெடுபிடி ஆகியவற்றை முன்வைத்து 2016 ஜூன் 4 அன்று ஒட்டுமொத்த விடுப்பு என்று அறிவித்தார்கள். நாள் வந்தபோது பெரும்பாலோர் பணிக்குத்தான் வந்தார்கள்.

லிவர்பூல்காரர்கள் என்ன ஆனார்கள்?

நாடு முழுக்க 2,300-க்கும் மேற்பட்டோரை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒருவரையும் திரும்ப எடுக்கவில்லை, ஓய்வூதியமும் போயிற்று. அந்த 70 ஷில்லிங், வேலையை விடாதவர்களுக்குக் கிடைத்தது.