வட்ட மேசையில் யாருடைய இடப்புறம்?

கொருக்குப்பேட்டை வாசகி ஒருவரின் கேள்வி: "வங்கி எழுத்தர் தேர்வுக்குப் படிக்கிறேன். எட்டுப் பேர் வட்டமாக அமர்ந்திருக்கும் கணக்கில் சிலர் மையத்தையும் சிலர் வெளியேயும் பார்த்தால் இடது, வலது எனக்குக் குழம்பிவிடுகிறது. இதற்கென்றே குறுக்குவழிச் சூத்திரம் உண்டு என்று சொல்லி ஒரு பயிற்சி மைய முகவர் 12,000 ரூபாய் கேட்கிறார். கட்டலாமா?"

கட்ட வேண்டாம். இருக்கை வரிசைக் கணக்குக்குச் சூத்திரம் என்று எதுவும் கிடையாது. படம் வரையும் பழக்கம் மட்டுமே உண்டு.

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் எண்ணூரை நோக்கி நின்றால் கடல் உங்கள் வலக்கைப் பக்கம் இருக்கும். ராயபுரத்தை நோக்கித் திரும்பினால் அதே கடல் இடக்கைப் பக்கம் வந்துவிடும். கடல் கிழக்கிலேயே இருக்க, உங்கள் முகம் திரும்பியதால் கை மாறியது. வட்ட மேசையிலும் அவ்வாறே, மையத்தைப் பார்ப்பவருக்கு வலப்புறம் என்பது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசை. வெளியே பார்ப்பவருக்கு அது முள் சுற்றும் திசை. ஆகவே ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில், அவர் பார்க்கும் திசையை ஓர் அம்புக்குறியாகப் போட்டுவிடுங்கள்.

அடுத்து, யாருடைய அம்பைப் பார்ப்பது? பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். "குமாருக்கு இடப்புறம் மூன்றாவதாக மாலா இருக்கிறார்" என்றால், பள்ளியில் படித்த நான்காம் வேற்றுமையின் 'கு' உருபு எந்தப் பெயரில் ஒட்டியிருக்கிறதோ அவருடைய முகமே கணக்கு. குமாரின் அம்பைப் பார்த்து மூன்று இடம் எண்ணுங்கள். மாலா எங்கே பார்க்கிறார் என்பது இந்த வரிக்குத் தேவையே இல்லை.

இதற்கு ஒரு விலக்கு உண்டு, அதைப் பொறுமையாகப் படியுங்கள். எழுத்தர் தேர்வை 13 வட்டார மொழிகளில் நடத்த 2021-இல் மத்திய நிதியமைச்சகம் எடுத்த முடிவு நல்ல முடிவுதான். ஆனால் கணக்கைத் தமிழிலேயே யோசித்து எழுத யாரையும் அமர்த்தாமல், ஆங்கிலத்திலிருந்து சொல்லுக்குச் சொல் பெயர்க்கும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. விற்பனைக்கு வரும் மாதிரித் தாள்களில் "மாலா இடப்புறம் மூன்றாவது குமார்" என்று உருபே இல்லாத வரிகளை நான் அடிக்கடி காண்கிறேன். இதில் யாருக்கு இடப்புறம் என்று தமிழறிஞராலும் சொல்ல முடியாது. அப்போது ஊகிக்காமல் ஆங்கில வடிவத்தைப் பாருங்கள்; அதில் 'ஆஃப்' (of) என்ற சொல்லை அடுத்து வரும் பெயர்தான் நம் 'கு' ஒட்ட வேண்டிய பெயர். ஆங்கிலம் வராது என்று தயங்க வேண்டாம், அந்த ஒரு சொல்லைத் தேடினால் போதும்.

எட்டுப் பேர் சம இடைவெளியில் அமர்ந்த வட்டத்தில் "நான்காவது" என்று வந்தால் நேர் எதிரே என்று பொருள். அங்கே இடமும் வலமும் ஒன்றே என்பதால் அம்பு தெரியாமலேயே அந்த வரியை நிரப்பிவிடலாம்.

முதல்நிலைத் தேர்வில் 35 தருக்கக் கேள்விகளுக்கு 20 நிமிடம்தான் கொடுக்கிறார்கள். ஒரு கேள்விக்கு 35 வினாடிகூட இல்லை. பணம் எண்ணும் வேலைக்கு வருகிறவரை இத்தனை அவசரத்தில் சோதிப்பது ஏன் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. இந்த அவசரத்தைக் காட்டி அச்சுறுத்தித்தான் முகவர்கள் பணம் பறிக்கிறார்கள். சூத்திரத்தில் தொடங்கும் பேச்சு, சில நாளில் "வினாத்தாளே கிடைக்கும்" என்று வளரும். அந்தச் சொல் காதில் விழுந்த கணமே விலகுங்கள். வினாத்தாளைக் கசியவிடுவோருக்கு 2024-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டப்படி 3 முதல் 5 ஆண்டு வரை சிறையும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. ஆனால் நீங்கள் கொடுத்த பணம் திரும்பி வராது.

உங்கள் வீட்டுக்கு அருகிலேயே, பழைய வண்ணாரப்பேட்டை சர் தியாகராயா கல்லூரியில் தமிழக அரசின் கட்டணமில்லாப் போட்டித் தேர்வுப் பயிற்சி மையம் இருக்கிறது. சேர்க்கை அறிவிப்பு வரும்போதெல்லாம் அது போய்ச்சேர வேண்டியவர்களுக்கு எட்டுவதில்லை. முகவரின் துண்டறிக்கை மட்டும் வாசல்வரை வந்துவிடுகிறது. அதனால் நீங்களே நேரில் சென்று கேளுங்கள். அதுவரை தினமும் இரண்டு பழைய கணக்குகளை எடுத்து, 'கு' ஒட்டிய பெயர்களின் கீழ்க் கோடிட்ட பிறகே வட்டம் வரையத் தொடங்குங்கள்.