பில்லிங் மென்பொருள் எழுதுபவருக்கு நிரலாக்க வழிகாட்டி நூல் பயன்படுமா?

கேள்வி: மதுரையில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் மூன்று ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். கடைகளுக்கும் மொத்த வியாபாரிகளுக்கும் பில்லிங், ஸ்டாக், கணக்கு மென்பொருள்களை சி ஷார்ப் மொழியிலும் எஸ்க்யூஎல் சர்வர் தரவுத்தளத்திலும் எழுதுகிறோம். நல்ல வழிகாட்டி நூல் ஒன்றை வாங்கிப் படிக்கும்படி எங்கள் டீம் லீடர் வற்புறுத்துகிறார். நூலின் விலை அதிகம். சந்தேகம் வந்தால் இணையத்தில் தேடிக்கொள்கிறேன். இப்போது ஏஐ கருவிகளும் வந்துவிட்டன. இந்நிலையில் நூலால் உண்மையிலேயே பயன் உண்டா? உண்டு என்றால் எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

பதில்: பயன் நிச்சயம் உண்டு. ஒரு கட்டளையை எப்படி எழுதுவது, ஒரு பிழைச் செய்திக்கு என்ன பொருள் என்பவற்றுக்காக நூலைப் புரட்டும் காலம் போய்விட்டது. அவற்றுக்கு நீங்கள் இப்போது செய்வதே போதும். ஆனால் தேடுபொறியும் ஏஐ கருவியும் பெரும்பாலும் நீங்கள் கேட்டதற்குத்தான் பதில் தருகின்றன. வணிக மென்பொருளில் பெருத்த சங்கடத்தைத் தருபவையோ, கேட்க வேண்டும் என்றே நமக்குத் தோன்றாத விஷயங்கள். நிரல் தடங்கலின்றி ஓடும், பில் அச்சாகும், வாடிக்கையாளர் பணம் கட்டிவிட்டுப் போவார். மாதக் கடைசியில் ஆடிட்டர் இரண்டு அறிக்கைகளை அருகருகே வைத்துப் பார்க்கும்போதுதான் கோளாறு வெளிப்படும். அத்தகைய இடங்களை முன்கூட்டியே சுட்டிக்காட்டுவதுதான் நல்ல வழிகாட்டி நூலின் வேலை.

நீங்கள் பயன்படுத்தும் கருவிகளிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். வெளிமாநில விற்பனை ஒன்றின் மதிப்பு 5,625 ரூபாய், ஐஜிஎஸ்டி 18 சதவீதம் என்றால் வரி 1,012 ரூபாய் 50 காசு. இதை முழு ரூபாய்க்கு ரவுண்ட் ஆஃப் செய்ய வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சி ஷார்ப்பில் 'மேத்.ரவுண்ட்' என்று மட்டும் எழுதினால் விடை 1,012. அதே தொகையை எஸ்க்யூஎல் சர்வரின் 'ரவுண்ட்' செயற்கூறுக்குக் கொடுத்தால் விடை 1,013. சி ஷார்ப் இயங்கும் தளமான டாட் நெட்டில், சரிபாதியில் நிற்கும் எண்ணை அருகிலுள்ள இரட்டைப்படை எண்ணுக்குக் கொண்டுபோவதே இயல்பு அமைப்பு. பல்லாயிரம் எண்களைக் கூட்டும்போது மொத்தம் மேல்நோக்கிச் சாய்ந்துவிடக் கூடாது என்பதற்காக வகுத்த முறை அது. தரவுத்தளமோ பாதியை எப்போதும் மேலே ஏற்றுகிறது. ஆக, பில்லைச் செயலி கணக்கிட்டு, மாத அறிக்கையை, தரவுத்தளத்துக்குள்ளேயே எழுதி வைக்கும் நிரலான ஸ்டோர்டு புரொசீஜர் கணக்கிட்டால், ஒரே விற்பனைக்கு இரண்டு வரித் தொகைகள் கிடைக்கும். மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 170ஆம் பிரிவு, 50 காசும் அதற்கு மேலும் இருந்தால் ஒரு ரூபாயாகக் கொள்ள வேண்டும், குறைந்தால் விட்டுவிட வேண்டும் என்கிறது. எனவே இங்கே சி ஷார்ப் தந்த விடைதான் சட்டத்தோடு முரண்படுகிறது. 'மிட்பாயிண்ட் ரவுண்டிங்' என்ற அளவுருவில் 'அவே ஃப்ரம் ஜீரோ' என்று வெளிப்படையாகக் குறிப்பிட்டால் சிக்கல் தீரும்.

இந்தக் கோளாறு சோதனையில் சிக்காமல் நழுவுவதற்கும் காரணம் இருக்கிறது. 1,011 ரூபாய் 50 காசைக் கொடுத்துப் பாருங்கள். இரண்டு இடங்களிலும் 1,012 என்ற ஒரே விடை வரும். சோதித்தவர் கையில் இந்த எண் கிடைத்திருந்தால் எல்லாம் சரி என்றே முடிவு செய்திருப்பார். இரண்டு முறைகளும் வேறுபடுகின்றன என்பதை மைக்ரோசாஃப்டின் ஆவணங்கள் மறைக்கவில்லை. ஆனால் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்க வேண்டும் என்ற எண்ணம் முதலில் வர வேண்டுமே! பணத்தைக் கையாளுவது பற்றித் தனி அத்தியாயம் உள்ள நூல் அந்த எண்ணத்தை ஊட்டிவிடும். 0.1, 0.2 ஆகியவற்றை, பின்னங்களைத் தோராயமாகச் சேமிக்கும் 'டபுள்' என்ற எண் வகையில் கூட்டினால் துல்லியமாக 0.3 கிடைக்காது என்பதையும், 100 ரூபாயை மூன்று பேருக்குப் பங்கிட்டால் மிஞ்சும் ஒரு காசை யார் கணக்கில் சேர்ப்பது என்பதை நிரலே முடிவு செய்ய வேண்டும் என்பதையும் அதே அத்தியாயத்தில் ஒருசேரப் படித்துவிடலாம்.

பில் எண் இன்னொரு கண்ணி. பலரும், தரவுத்தள அட்டவணை ஒவ்வொரு பதிவுக்கும் தானாகவே தரும் 'ஐடென்டிட்டி' எண்ணையே பில் எண்ணாக வைத்துவிடுகிறார்கள். ஜிஎஸ்டி விதி 46 கேட்பது, 16 எழுத்துகளுக்கு மிகாத, தொடர்ச்சியான, அந்த நிதியாண்டில் மீண்டும் வராத வரிசை எண். ஐடென்டிட்டியோ தொடர்ச்சிக்கு உத்தரவாதம் தருவதில்லை. ஒரு டிரான்சாக்ஷன் (முழுவதும் நிறைவேற வேண்டிய, இல்லையேல் முழுவதும் ரத்தாக வேண்டிய தரவுத்தள வேலைத் தொகுதி) பாதியில் ரத்தானால் அதற்கு ஒதுக்கிய எண் திரும்பக் கிடைக்காது. எஸ்க்யூஎல் சர்வரின் 2012 பதிப்பு முதல், சர்வர் எதிர்பாராமல் நின்று மறுபடி எழும்போது எண் ஒரேயடியாக ஆயிரம் தாண்டிவிடவும் கூடும். மின்தடையில் யுபிஎஸ் கைவிட்ட ஒரு மாலைக்குப் பிறகு பில் எண் 2,316இலிருந்து மூவாயிரத்துக்கு மேல் தாவினால், நடுவில் இருந்த பில்கள் எங்கே என்ற கேள்விக்குக் கடைக்காரர்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். நிதியாண்டுக்கும் பில் வரிசைக்கும் ஒரு பதிவு வீதம் தனி அட்டவணையில் கடைசி எண்ணை வைத்து, பில்லைச் சேமிக்கும் அதே டிரான்சாக்ஷனுக்குள் அதைக் கூட்டுவதே பாதுகாப்பான வழி. இதனால் மற்ற கவுன்ட்டர்கள் ஒரு கணம் காத்திருக்க நேரும். கடை அளவிலான வேலைக்கு அது பொருட்டே அல்ல.

ஸ்டாக்கில் கடைசியாக உள்ள ஒரு பொருளை இரண்டு கவுன்ட்டர்கள் ஒரே நேரத்தில் விற்றுவிடுவதும் இதே இனத்தைச் சேர்ந்த சிக்கல்தான். இருப்பைப் படித்து, செயலியில் கழித்து, பிறகு எழுதினால் இருவருமே விற்றுவிட முடியும். இருப்பு போதுமானதாக இருந்தால் மட்டும் கழிக்கும்படி ஒரே 'அப்டேட்' கட்டளையாக எழுதி, எத்தனை பதிவுகள் மாறின என்று பார்த்தால் முடியாது. டிரான்சாக்ஷன் பற்றிய அத்தியாயம் பலமாக உள்ள நூலில் இது தவறாமல் இருக்கும்.

காலத்தோடு மாறும் தரவைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2025 செப்டம்பர் 22 அன்று ஜிஎஸ்டி விகிதங்கள் மாறின. 12 சதவீதத்தில் இருந்த பல பொருள்கள் 5 சதவீதத்துக்கு வந்தன. பொருள் அட்டவணையில் வரி விகிதத்துக்கு ஒரே ஒரு கட்டம் வைத்து, அன்றிரவு அதை 5 என்று திருத்தியவர்களுக்குப் பின்னால்தான் தொல்லை தொடங்கியிருக்கும். செப்டம்பர் 10 அன்று 12 சதவீதத்தில் விற்ற பொருளை வாடிக்கையாளர் அக்டோபரில் திருப்பித் தந்தால், அதற்காக அவருக்குக் கொடுக்கும் கிரெடிட் நோட்டில் பழைய 12 சதவீதம்தான் வர வேண்டும். விகிதத்தை அமலாகும் தேதியோடு தனி அட்டவணையில் வைப்பதும், விற்ற நாளின் விகிதத்தைப் பில்லின் ஒவ்வொரு வரியிலும் படியெடுத்து வைப்பதும் இதற்கான தீர்வுகள். இரண்டாவதை 'தேவையில்லாத இரட்டைப் பதிவு' என்று நினைத்து நீக்கிவிடுபவர்கள் உண்டு. தரவுத்தள வடிவமைப்பின் பாலபாடத்தை மட்டும் படித்தவருக்கு அப்படித்தான் தோன்றும். நடந்து முடிந்த விற்பனை என்பது வரலாறு, பொருள் அட்டவணை என்பது இன்றைய நிலை, இரண்டும் வெவ்வேறு உண்மைகள் என்பதை விளக்கும் நூலே வணிக மென்பொருள் எழுதுபவருக்கு ஏற்றது.

நூலின் எல்லையையும் அறிந்துகொள்ளுங்கள். இத்தகைய நூல்களில் பெரும்பாலானவை மேலைநாட்டுச் சூழலில் எழுதப்பட்டவை; நம் சட்டம் அவற்றில் இருக்காது. நிறுவனச் சட்டத்தின் கீழ்ப் பதிவான கம்பெனிகள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருள், ஒவ்வொரு திருத்தத்தையும் தேதியோடு பதிவு செய்ய வேண்டும், அந்தப் பதிவை முடக்கும் வசதி இருக்கக் கூடாது என்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. உங்கள் மொத்த வியாபார வாடிக்கையாளர்களில் பிரைவேட் லிமிடெட் கம்பெனிகள் இருந்தால் இது உங்களையும் கட்டும். திருத்தப் பதிவை எப்படி வடிவமைப்பது என்பதை நூல் சொல்லித்தரும். எதைப் பதிய வேண்டும் என்பதை அரசு அறிவிக்கையிலிருந்தும் ஆடிட்டரிடமிருந்தும்தான் பெற வேண்டும்.

இனித் தேர்வுக்கு வருவோம். பொருளடக்கத்தைத் திறந்து, பணம், டிரான்சாக்ஷன், ஒரே நேரத்தில் பலர் செய்யும் மாற்றங்கள், தேதியும் காலமும், ஓடிக்கொண்டிருக்கும் தரவுத்தளத்தின் அமைப்பை மாற்றுதல், சோதனை ஆகியவற்றுக்கு எத்தனை பக்கங்கள் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று பாருங்கள். திரைக்காட்சிப் படங்களால் நிரம்பிய நூலைத் தவிர்ப்பது நல்லது. டாட் நெட்டின் புதிய பதிப்பு இப்போது ஆண்டுதோறும் நவம்பரில் வந்துவிடுவதால் அந்தப் படங்கள் சீக்கிரமே பழசாகிவிடும். நூல் பழையது என்பதற்காக மட்டும் ஒதுக்கிவிடாதீர்கள். மார்ட்டின் ஃபவுலர் 2002இல் வெளியிட்ட 'பேட்டர்ன்ஸ் ஆஃப் என்டர்பிரைஸ் அப்ளிகேஷன் ஆர்க்கிடெக்சர்' நூலில் இணையப் பக்கங்களை உருவாக்குவது பற்றிய பகுதிகளுக்கு வயதாகிவிட்டது. ஆனால் பணத்தைத் தனி வகையாக வைப்பது பற்றியும், ஒருவர் செய்த மாற்றத்தை இன்னொருவர் அறியாமல் அழித்துவிடாதபடி தடுப்பது பற்றியும் அது சொல்பவை இன்றும் அப்படியே பொருந்துகின்றன. அதன் எடுத்துக்காட்டுகளில் ஜாவாவும் சி ஷார்ப்பும் கலந்திருக்கும். மூன்றாண்டு அனுபவம் உள்ள உங்களுக்கு அது தடையாக இராது.

படிக்கும் முறைதான் விலைக்கு ஈடு செய்யும். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படிக்க முயல வேண்டாம். ஓர் அத்தியாயத்தை முடித்ததும் உங்கள் நிறுவனத்தின் நிரலைத் திறந்து, அதில் கண்டது நம்மிடம் எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். பணம் பற்றிய அத்தியாயத்துக்குப் பிறகு 'மேத்.ரவுண்ட்', 'டபுள்', 'ஃப்ளோட்' ஆகிய சொற்களைத் திட்டம் முழுவதும் தேடினாலே அரை நாளுக்கு வேலை கிடைத்துவிடும். கண்டுபிடித்தவற்றை உடனே திருத்திவிடாமல் டீம் லீடரிடம் பட்டியலாகக் கொடுங்கள். பழைய பில்களின் தொகையை மாற்றக்கூடிய திருத்தங்களை நிதியாண்டின் நடுவில் தனியாக முடிவெடுத்துச் செய்யக் கூடாது. ஏஐ கருவியையும் இந்த இடத்தில் நன்றாகப் பயன்படுத்தலாம்: நூலில் படித்த சிக்கலைக் குறிப்பிட்டு, உங்கள் நிரலின் பகுதியைக் கொடுத்து, இது இங்கே உள்ளதா என்று கேளுங்கள். வாடிக்கையாளர்களின் தரவை மட்டும் அதில் ஒட்டிவிடாதீர்கள்.

விலையைப் பொறுத்தவரை, இந்தியப் பதிப்பு உள்ளதா என்று முதலில் விசாரியுங்கள். பல நூல்களுக்கு அது இறக்குமதிப் பதிப்பைவிடக் குறைவாகக் கிடைக்கும். உங்கள் ஊரிலேயே 2023இல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருப்பதால், வாங்குவதற்கு முன் அங்கே தேடிப் பார்த்து, இரண்டு அத்தியாயங்களைப் படித்து முடிவு செய்யலாம். டீம் லீடரே பரிந்துரைப்பதால் நிறுவனத்தின் பெயரில் வாங்கச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை. கையில் பணம் மிஞ்சினால், பிளஸ் ஒன் வகுப்பின் கணக்குப்பதிவியல் பாடநூலையும் வாங்கிவிடுங்கள். பற்றும் வரவும் தெளிவாகத் தெரிந்த நிரலாளர் எழுதும் லெட்ஜர் அட்டவணைக்கும், தெரியாதவர் எழுதுவதற்கும் உள்ள வேறுபாட்டை ஆடிட்டர் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவார்.