முதலில் இணைப்புத் தண்டு

அன்புள்ள ஐயா,

பித்தளைத் தகட்டை வெட்டி, ஆறு சக்கர நீராவி எஞ்சின் ஒன்றின் மாதிரியை முதன்முறையாகச் செய்யத் திட்டமிடுகிறேன். அசல் எஞ்சின் 1435 மில்லிமீட்டர் பாதையில் ஓடியது. மாதிரி 1:76.2 அளவு (அசலின் ஓர் அடிக்கு 4 மில்லிமீட்டர்), 16.5 மில்லிமீட்டர் தண்டவாளம். சக்கரமும் மோட்டாரும் மட்டும் வாங்குவேன். கொதிகலனில் தொடங்கலாமா? வரைபடமும் புகைப்படங்களும் ஒத்துப்போகவில்லை. எதை நம்புவது?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கொதிகலனை இப்போது தொடாதீர்கள். என் முதல் எஞ்சினில் அதைத்தான் முதலில் உருட்டினேன். மோட்டார் உள்ளே நுழையவில்லை. பற்றவைத்த அடிப்பாகத்தை அறுத்தெடுக்க வேண்டியதாயிற்று.

எஞ்சின்கள் பல பத்தாண்டுகள் உழைத்தவை. பணிமனைக்குப் போய் வந்தபோது கொதிகலனும் புகைபோக்கியும் மாறியிருக்கும். ஒரே எண்ணுள்ள எஞ்சின், ஒரே ஆண்டு என்று முடிவு செய்துகொண்டு, அந்த ஆண்டின் படங்களை நம்புங்கள். அச்சுகளின் இடைவெளிக்கு வரைபடம் போதும்.

சட்டக அகலத்தை மட்டும் வரைபடத்திலிருந்து அப்படியே சுருக்காதீர்கள். உங்கள் அளவுக்குத் தண்டவாள அகலம் 18.83 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். நீங்கள் ஓட்டுவதோ 16.5. அசல் அகலச் சட்டகம் சக்கரங்களுக்கு நடுவே அடங்காது.

இனி இணைப்புத் தண்டு, அதாவது ஒரு பக்கச் சக்கரங்களை ஒன்றாகப் பிணைத்துச் சுழற்றும் பட்டை. எஞ்சின் ஓடுவதும் திக்குவதும் இதில்தான் இருக்கிறது. இரண்டு பட்டைகளை ஈயம் வைத்து ஒன்றாக ஒட்டி, ஒரே முறையில் துளையிடுங்கள். அசலில் 8 அடி இடைவெளி உங்களுக்கு 32 மில்லிமீட்டர். பிரிப்பதற்கு முன், அந்தத் துளைகளையே வழிகாட்டியாக வைத்துச் சட்டகத்தில் அச்சுத் துளைகளைப் போடுங்கள். 31.8 ஆகிவிட்டாலும் கவலையில்லை. தண்டும் சட்டகமும் ஒரே அளவில் பிசகியிருந்தால் எஞ்சின் ஓடும். தனித்தனியாக அளந்து துளையிட்டால் ஒவ்வொரு சுற்றிலும் ஓரிடத்தில் முட்டும்.

சக்கரங்களுக்கும் இதே நியாயம். அசலில் ஒரு பிஸ்டன் கோடியில் நிற்கும்போது மற்றது தள்ள வேண்டும். அதற்காகவே இரு பக்கக் கிராங்குகளும் (சக்கரத்தில் தண்டு மாட்டும் முனைகள்) 90 டிகிரி விலகி நிற்கின்றன. மாதிரியில் மூன்று அச்சுகளிலும் 88 என்று விழுந்தாலும் ஓடும். ஒன்றில் 90, இன்னொன்றில் 88 என்றால் இறுகும்.

மோட்டார் இல்லாமல், லேசாகச் சாய்த்த தண்டவாளத்தில் சட்டகத்தை விட்டுப் பாருங்கள். எங்காவது நின்றால், அந்தத் தண்டின் கிராங்க் துளையை மட்டும் மயிரிழை அகலமாக்குங்கள். தானாக உருண்டு கீழே வந்த பிறகு மோட்டாரையும் கியரையும் பொருத்தி, அவை நிற்கும் உயரத்தை அளந்துகொண்டு கொதிகலனுக்குத் தகடு வெட்டுங்கள்.