பணிமேசை கேள்வி–பதில்: அம்மாவின் கேம் பாய்க்கு ஒரு விளக்கு

கேள்வி: அக்கா, 1989-இல் வெளிவந்த முதல் வகைக் கேம் பாய் (நின்டெண்டோவின் கையடக்க விளையாட்டுக் கருவி) ஒன்று எங்களிடம் இருக்கிறது. அம்மா இன்றும் அதில் டெட்ரிஸ் ஆடுகிறார். ஆனால் வெளிச்சம் குறைந்தால் திரை தெரியவில்லை என்கிறார். பின்விளக்கும் ‘பைவெர்ட்’ என்ற சிறு சிப்பும் வாங்கிவிட்டேன். சால்டரிங் அயர்னை நான் கையால் தொட்டதில்லை. விளக்கு மட்டும் போதாதா? சிப்பையும் நானே பற்றவைக்கலாமா?

பதில்: பற்றவைக்கலாம், தம்பி. ஆனால் இந்த வாரம் வேண்டாம்.

முதலில் அந்தச் சிப் எதற்கு என்பதைப் பார்ப்போம். அது புரிந்துவிட்டால் எந்தக் கம்பி எங்கே போகிறது என்பது தானாகவே விளங்கும். அந்தத் திரையில் அகலத்தில் 160, உயரத்தில் 144 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் நான்கு நிழல்கள்தாம். நான்கைச் சொல்ல இரண்டு பிட் போதும்: வெளிறியதற்கு 00, அடுத்தடுத்த நிழல்களுக்கு 01, 10, மிகக் கருத்ததற்கு 11. இந்த இரண்டு பிட்டும் இரண்டு தனிக் கம்பிகளில் திரைக்கு வருகின்றன. திரைக்குப் பின்னால் விளக்கு கிடையாது. முன்னிருந்து விழும் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம்தான் ஒட்டியிருக்கிறது. அம்மா ஜன்னலோரம் தேடிப் போவது அதனால்தான்.

அந்தப் படலத்தை உரித்துவிட்டு, விளக்குத் தகட்டையும் ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் புதிய போலரைசர் படலத்தையும் வைத்தாலே படம் தெரியும். ஆனால் சாயம்போன துணியைப் போல் வெளிறித் தெரியும். போலரைசரை 90 டிகிரி திருப்பி வைத்தால் கருமை நன்றாக ஆழப்படுகிறது, ஆனால் படம் தலைகீழாகிவிடும்: கருப்பு வெளுப்பாகும், வெளுப்பு கருப்பாகும். இங்கேதான் சிப் வருகிறது. அந்த இரண்டு கம்பிகளையும் இடைமறித்து, 0 வந்தால் 1 என்றும் 1 வந்தால் 0 என்றும் மாற்றி அனுப்புகிறது. 00 வந்தால் 11 போகும், 01 வந்தால் 10 போகும். படலம் ஒருமுறை புரட்டியதைச் சிப் மறுமுறை புரட்ட, படம் நேராகிவிடுகிறது. ஆழ்ந்த கருமை மட்டும் நம்மிடம் தங்கிவிடுகிறது. இத்தனை வருடங்களில் நான் பார்த்த அழகான திருத்தங்களில் இதுவும் ஒன்று. ஒரு குறையைக் கொண்டே இன்னொன்றைச் சரிசெய்கிறோம்.

சிப்புக்குள் இருப்பது பெரும்பாலும் 7404 வகை இன்வெர்ட்டர். மின்தடையின்போது ஓடும் இன்வெர்ட்டர் வேறு. இது ஆறு சிறு புரட்டிகள் அடங்கிய, 14 கால் கொண்ட சிப். நமக்கு வேண்டியவை இரண்டுதான். வெறும் சிப்பாக வாங்கியிருந்தால், பயன்படாத நான்கு புரட்டிகளின் உள்ளீட்டுக் கால்களையும் தரைக் கம்பியோடு இணைத்துவிடுங்கள். அந்தரத்தில் விட்டால் அவை தாறுமாறாகத் துடித்து மின்கலத்தைத் தின்னும். சிறு பலகையில் பொருத்தி விற்கப்படுவது என்றால் அந்த வேலை பொதுவாக முடிந்திருக்கும். ஆனாலும் மல்டிமீட்டரால் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இனி கைவேலை. பழுதாகி எறியவிருக்கும் ஏதாவது ஒரு போர்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் நூறு கால்களைக் கழற்றி, நூறு கால்களை மீண்டும் பற்றவையுங்கள். அதற்குப் பிறகுதான் அம்மாவின் கேம் பாய். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். தொடக்க நாள்களில், பற்றவைக்கும் ஈயம் உருகவில்லையே என்று ஒரு காலின் மேல் அயர்னைப் பத்து விநாடிக்கு மேல் அழுத்திப் பிடித்தேன். அடியிலிருந்த செப்புத் திட்டு போர்டைவிட்டு மேலே எழும்பி வந்துவிட்டது. அது இன்னொருவர் நம்பிக் கொடுத்த வானொலி. அழுத்தினால் உருகும் என்று நினைத்தது என் தவறு. முனையில் துளி ஈயம் இல்லாததால் சூடு போர்டுக்குக் கடக்கவே இல்லை. காய்ந்த முனை எவ்வளவு சூடாக இருந்தாலும் உதவாது. முனையைத் துடைத்து, துளி ஈயம் பூசி, காலில் ஃபிளக்ஸ் (ஈயம் நன்றாக ஒட்ட உதவும் பசை) தடவி, காலையும் திட்டையும் ஒருசேரத் தொடுங்கள். இரண்டு மூன்று விநாடியில் ஈயம் ஓடிப் பரவும். பரவியதும் எடுத்துவிடுங்கள்.

63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு காரீயமும் கலந்த ஈயக் கம்பியை வாங்குங்கள். அது 183 டிகிரியில் உருகும். இடையில் கூழாக நிற்காமல் சட்டென்று உறையும், பழகுகிற கைக்கு ஏற்றது. அயர்னை 330 முதல் 350 டிகிரிக்குள் வையுங்கள். காரீயம் என்பதால் வேலை முடிந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவாமல் எதையும் உண்ண வேண்டாம். ஃபிளக்ஸ் புகை நுரையீரலுக்குக் கெடுதி, ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இன்னும் மோசம். ஜன்னலைத் திறந்து வைத்து, புகையை முகத்திலிருந்து விலக்கிச் செல்லும்படி விசிறியைத் திருப்பிவிடுங்கள்.

நிறையப் பேர் சிப்பைத்தான் கண்டு பயப்படுகிறார்கள். என்னைக் கேட்டால் கடினமான பகுதி படலத்தை உரிப்பதுதான். ஒரு மூலையில் பிளேடால் மெல்லத் தூக்கி, கண்ணாடியோடு ஒட்டினாற்போல் படுக்கவைத்துத் தாழ்வாக இழுக்க வேண்டும். கண்ணாடியின் ஓரங்களில் ஒட்டியிருக்கும் ரிப்பன் கம்பிகளின் பக்கம் பிளேடு போகவே கூடாது. அவை அறுந்தால் திரை போனதுதான். எஞ்சிய பசையை ஆல்கஹால் தோய்த்த துணியால் பொறுமையாகத் துடையுங்கள். அரை மணி நேரம் ஆனாலும் ஆகட்டும்.

விளக்கில் இருப்பது எல்இடி. அதற்கு முன்னால், மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் ஒரு ரெசிஸ்டர் கட்டாயம் வேண்டும். 5 வோல்ட் வருகிறது, வெள்ளை எல்இடி ஏறத்தாழ 3 வோல்ட் எடுக்கிறது என்றால், மிச்சம் 2 வோல்ட். 20 மில்லி ஆம்பியருக்கு 100 ஓம். நான் இன்னும் கூடுதலாகவே போடுவேன். இரவில் விளையாடும் கண்ணுக்கு மங்கல் ஒளி இதம். மூடியைத் திருகுவதற்கு முன் ஒருமுறை இயக்கிப் பாருங்கள்.

கேள்வி: இதே வேலையை முடித்துவிட்டேன். படம் பிரமாதம். ஆனால் மேலிருந்து கீழாக இரண்டு கோடுகள் காணவில்லை. சிப்பைக் கெடுத்துவிட்டேனா?

பதில்: இல்லை. சிப் கெட்டால் நிழல்கள் முழுத் திரையிலும் குழம்பும், இரண்டு கோடுகள் மட்டும் காணாமல் போகாது. திரையின் கீழ் விளிம்பில் ரிப்பனைக் கண்ணாடியோடு பிணைத்திருக்கும் பசை இளகிவிட்டது. இந்த வகையில் வயதாக ஆக வரும் கோளாறு இது, உரிக்கும்போது பட்ட அசைவும் சேர்ந்திருக்கலாம். அயர்னின் சூட்டை நன்றாகத் தணித்து, ஈயம் ஒட்டாமல் துடைத்த முனையை, ரிப்பன் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் பட்டையின் மேல் மெல்ல நகர்த்துங்கள். இயக்கத்தில் வைத்துக்கொண்டே செய்தால், கோடு திரும்பி வருவது கண்ணெதிரே தெரியும். வந்தவுடன் நிறுத்திவிடுங்கள், இன்னும் கொஞ்சம் என்று தேய்க்க வேண்டாம்.

கேள்வி: புதிய கையடக்கக் கருவிகளில் பூட்டை உடைத்து எல்லா ஆட்டத்தையும் ஓடவிடும் மோட்சிப்பை எப்படிப் பற்றவைப்பது?

பதில்: அதை நான் எழுதப்போவதில்லை. அம்மாவின் திரையில் விளக்கு வைப்பதும், ஓர் ஆட்டத்தை ஆண்டுக்கணக்கில் உழைத்துச் செய்தவர்களுக்குக் கிடைக்க வேண்டியதைத் தவிர்ப்பதும் எனக்கு ஒன்றல்ல. சட்டமும் அப்படித்தான் பார்க்கிறது: 1996-ஆம் ஆண்டின் வைப்போ (உலக அறிவுசார் சொத்து அமைப்பு) பதிப்புரிமை ஒப்பந்தத்தைத் தொடர்ந்து, பல நாடுகளில் பூட்டை உடைப்பதே தனிக் குற்றம். இணையச் சேவையிலிருந்து கருவியையே விலக்கிவிடுவதும் நடக்கிறது. அதுவும் முதன்முதலாக அயர்ன் பிடிக்கும் கைக்கு அந்தப் போர்டுகள் ஏற்றவையே அல்ல. அவற்றில் ஒரு மில்லிமீட்டர் நீளம், அரை மில்லிமீட்டர் அகலம் உள்ள உறுப்புகள் நெருக்கமாக அமர்ந்திருக்கும். காரீயமில்லாத ஈயம் வேறு, உருகவே 217 டிகிரிக்கு மேல் வேண்டும்.

கேள்வி: அண்ணன் சிறுவயதில் சேமித்து வைத்த ஆட்டம் இன்னும் பழைய கேட்ரிட்ஜில் (கேம் பாயில் செருகும் ஆட்டப் பெட்டியில்) இருக்கிறது. உள்ளே இருக்கும் மின்கலம் பழையது. மாற்றலாமா?

பதில்: மாற்றத்தான் வேண்டும், ஆனால் அவசரத்தில் கழற்றிவிடாதீர்கள். அந்தச் சேமிப்பை உயிரோடு வைத்திருப்பதே அந்த 3 வோல்ட் நாணய மின்கலம்தான், கழற்றினால் போய்விடும். கேட்ரிட்ஜைக் கணினியோடு இணைத்துச் சேமிப்பைப் படியெடுக்கும் சிறு கருவிகள் கிடைக்கின்றன. முதலில் படியெடுங்கள், எடுத்த படி திறக்கிறதா என்று பாருங்கள். பிறகு, இணைப்புத் தகடுகள் ஏற்கெனவே ஒட்டப்பட்ட மின்கலமாக வாங்கிப் பற்றவையுங்கள். மின்கலத்தின் மேல் நேராக அயர்னை வைக்க வேண்டாம், சூட்டில் அது வெடிக்கக்கூடும். புதியது அமர்ந்ததும் படியைத் திருப்பி ஏற்றிவிட்டு, அண்ணனிடம் கொடுங்கள். முதல் முறை அவரே இயக்கட்டும்.