ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகளைத் தோழிகள் சேர்த்துக்கொள்வதில்லை. நான் என்ன செய்யலாம்?

கேள்விக்குக் கீழே நீங்கள் எழுதியிருந்த விவரத்தை இரண்டு தடவை படித்தேன். நாலாம் வகுப்பிலிருந்து ஒன்றாகத் திரிந்த ஐந்து பெண்கள். அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த நாளிலிருந்து மற்ற நால்வரும் உங்கள் மகளிடம் பேசுவதில்லை. வகுப்பாசிரியரிடம் கேட்டால், "சண்டை எதுவும் நடக்கலையேம்மா" என்கிறார். உங்கள் வீட்டுக்காரர், "சின்னப் பிள்ளைங்க விஷயம், நாலு நாளில் சரியாகிவிடும்" என்கிறார். பிள்ளை மட்டும் தினமும் டிபன் பாக்ஸில் பாதிச் சாப்பாட்டைத் திருப்பிக் கொண்டுவருகிறாள்.

பெண்கள் பள்ளி ஒன்றில் பதினேழு வருடமாக ஆறு முதல் எட்டு வரை சமூக அறிவியல் எடுக்கிறேன். என் மகளும் இதே வயதில் இதே மாதிரி ஒரு வருடத்தைக் கடந்து வந்தவள். அதனால் முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் மகள் எதையும் பெரிதுபடுத்தவில்லை. ஆசிரியர் சொன்னதும் பொய்யில்லை, சண்டை நடக்கவில்லைதான். அடித்தால் தடம் இருக்கும், திட்டினால் கேட்டவர்கள் இருப்பார்கள். ஆனால் நகர்ந்து இடம் தரவில்லை, கூப்பிடவில்லை, கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை என்பதற்கெல்லாம் யாரைச் சாட்சிக்குக் கூப்பிடுவது? எதையும் செய்யாமல் இருப்பதாலேயே ஒருத்தியை ஒதுக்கி வைத்துவிட முடியும். பெரியவர்கள் கண்ணில் அது படாமல் போவதும் அதனால்தான்.

எனக்கே அது பல வருடம் கண்ணில் படவில்லை. எங்கள் பள்ளியில் பிறந்தநாளுக்குக் கலர் டிரஸ் போட்டு வரலாம். சாக்லேட் டப்பாவை எடுத்துக்கொண்டு பக்கத்து வகுப்புகளுக்கும் ஸ்டாஃப் ரூமுக்கும் கொடுக்கப் போகும்போது கூட ஒரு தோழியை அழைத்துப் போகலாம். அந்தத் தோழி யார் என்பதை வகுப்பே கவனித்துக்கொண்டிருக்கும். ஒருநாள் ஏழாம் வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். பிறந்தநாள் பெண் எழுந்து, "மிஸ், சாக்லேட் குடுத்துட்டு வரேன்" என்றாள். இரண்டாவது பெஞ்சில் ஒருத்தி கூடவே எழுந்துவிட்டாள். முந்தைய வருடமெல்லாம் அவள்தான் கூடப் போனவள். பிறந்தநாள் பெண் அவளைத் தாண்டிப் போய், கடைசி பெஞ்சில் இருந்த வேறொருத்தியின் கையைப் பிடித்தாள். எழுந்தவள் ஒரு நொடி அப்படியே நின்றாள். பிறகு பேனா கீழே விழுந்துவிட்ட மாதிரி குனிந்து பெஞ்சுக்கு அடியில் தேட ஆரம்பித்தாள். பேனா அவள் நோட்டின் மேலேயே இருந்தது.

நான் "உட்காரும்மா" என்று சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தேன். அதற்குப் பிறகு அந்தப் பருவம் முழுக்க, இடைவேளை மணி அடித்ததும் அவள் என் மேஜைக்கு வந்து, "நோட்டு அடுக்கித் தரட்டுமா மிஸ்?" என்று கேட்பாள். உதவி செய்ய ஆசைப்படுகிற பிள்ளை என்றுதான் நினைத்தேன். இடைவேளையில் போய் நிற்க அவளுக்கு ஓர் இடம் இல்லை என்று எனக்குத் தோன்றவே இல்லை. இன்றைக்கும் மனசு உறுத்துகிற விஷயம் அது.

காய் விடுவதும் பழம் விடுவதும் மூன்றாம் வகுப்பிலும் உண்டு. அங்கே காலையில் விட்ட காய் மத்தியானம் ஒரு துண்டு மாங்காய்க்குப் பழமாகிவிடும். ஆறாம் வகுப்புக்கு மேல் அப்படி நடப்பதில்லை. நாலைந்து தொடக்கப் பள்ளிகளிலிருந்து வந்த பிள்ளைகள் ஒரே செக்‌ஷனில் சேர்கிறார்கள். யாரோடு ஒட்டிக்கொண்டால் தனியாக நிற்க வேண்டியிருக்காது என்று ஒவ்வொருத்தியும் தேடுகிறாள். வீட்டில் சொல்லாததையெல்லாம் தோழியிடம் சொல்லத் தொடங்கும் வயதும் இதுதான். யார் வயசுக்கு வந்துவிட்டாள், யார் வீட்டில் அப்பா குடித்துவிட்டு வருகிறார், யாருக்கு யாரைப் பிடிக்கும். அந்த ரகசியங்கள்தான் ஒரு செட்டை இறுக்கிக் கட்டுகின்றன. கோபம் வந்தால் அதே ரகசியங்கள் வெளியே வருகின்றன. "அவகூடப் பேசினா எங்ககூடப் பேசாதே" என்ற ஒரு வாக்கியம் போதும், நாற்பது பேர் வகுப்பில் ஒருத்தி தனியாகிவிடுவாள்.

பின்லாந்தில் கிர்ஸ்தி லாகர்ஸ்பெட்ஸ் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவும் 11, 12 வயதுப் பிள்ளைகளிடம், உங்கள் வகுப்பில் யாருக்குக் கோபம் வந்தால் என்ன செய்வார்கள் என்று கேட்டு, 1988இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பையன்கள் நேரடியாகக் கைகலப்பில் இறங்கினார்கள். பெண்களிடம் முதுகுக்குப் பின்னால் பேசுவது, பழிவாங்குவதற்காக வேறொருத்தியோடு நெருக்கமாவது, "அவளைச் சேர்த்துக்காதீங்க" என்று மற்றவர்களிடம் சொல்வது எல்லாம் அதிகமாக இருந்தன. 1995இல் அமெரிக்காவில் நிக்கி கிரிக், ஜெனிஃபர் க்ரோட்பீட்டர் என்ற இருவர், நட்பையே ஆயுதமாக்கிக் காயப்படுத்தும் இந்த வழியைத் தனி வகை வன்முறையாகவே எடுத்து ஆராய்ந்தார்கள். அதுவரை ஆராய்ச்சியாளர்களும் பெரும்பாலும் அடிதடியைத்தான் கணக்கெடுத்துக்கொண்டிருந்தார்கள். பெண் பிள்ளைகள் சாது என்ற எண்ணம் நிலைத்ததற்கு அதுவும் ஒரு காரணம். உங்கள் மகளின் ஆசிரியர் பார்ப்பதும் அந்தப் பழைய கண்ணோடுதான். (பையன்களும் இதைச் செய்வார்கள், அதுவும் அவ்வளவு குறைவாக இல்லை என்று பிறகு வந்த ஆய்வுகள் சொல்கின்றன. பெண்களுக்கே உரிய குணம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.)

உங்கள் வீட்டுக்காரருக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது. கிப்ளிங் வில்லியம்ஸ் என்ற உளவியல் பேராசிரியர் ஒருநாள் பூங்காவில் உட்கார்ந்திருந்தாராம். பக்கத்தில் இரண்டு பேர் வீசி விளையாடிக்கொண்டிருந்த பிளாஸ்டிக் தட்டு இவர் அருகே வந்து விழுந்தது. எடுத்து வீசினார், அவர்களும் திருப்பி இவருக்கு வீசினார்கள். கொஞ்ச நேரம் மூவருமாக விளையாடினார்கள். பிறகு அவர்கள் இருவரும் தங்களுக்குள் மட்டும் வீசிக்கொள்ள ஆரம்பித்துவிட்டார்கள். முன்பின் தெரியாத இரண்டு பேர் விளையாட்டில் விட்டுவிட்டதற்கே தனக்கு இவ்வளவு வலிக்கிறதே என்று யோசித்துத்தான், கணினியில் பந்து வீசும் ஒரு எளிய விளையாட்டை ஆய்வுக்காக உருவாக்கினார். சில நிமிடம் பந்து வராமல் போனாலே பெரியவர்கள் வாடிப்போனார்கள். எதிரில் விளையாடுவது ஆள் இல்லை, வெறும் கணினி என்று சொல்லிவிட்டு விளையாட வைத்தபோதும் வாடத்தான் செய்தார்கள். உங்கள் மகளுக்குப் பந்து வராமல் நிற்பது முன்பின் தெரியாதவர்களிடமிருந்து இல்லை. மூன்று வருடமாகச் சாப்பாட்டைப் பகிர்ந்துகொண்ட நாலு பேரிடமிருந்து, அதுவும் தினமும் ஏழு மணி நேரம்.

சரி, என்ன செய்வது? நான் செய்த தப்பைச் சொன்னால் நீங்கள் அதையாவது தவிர்க்கலாம். என் மகளின் தோழிகள் அம்மாக்களின் போனில் ஒரு வாட்ஸ்அப் குரூப் வைத்திருந்தார்கள். ஒருநாள் அதன் டி.பி. மாறியிருந்தது. ஆண்டு விழாவில் எல்லோரும் தோளில் கை போட்டு நின்று எடுத்த படம். ஓரத்தில் நின்ற என் மகளை வெட்டிவிட்டார்கள். பக்கத்தில் நின்றவளின் தோள்மேல் நாலு விரல் மட்டும் மிச்சம் இருந்தது. "அது என் கைம்மா" என்றாள். நான் உடனே கேட்டது, "நீ என்னடி பண்ணினே?" அதற்குப் பிறகு ஒரு மாதம் அவள் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. அதோடு விடாமல், அந்தத் தோழியின் அம்மாவுக்குப் போன் போட்டு நியாயம் கேட்டேன். மறுநாள் வகுப்பில், "எல்லாத்தையும் அம்மாகிட்ட போய்ச் சொல்றா" என்று புதிதாக ஒரு காரணம் கிடைத்தது அவர்களுக்கு. தயவுசெய்து மற்ற அம்மாக்களுக்குப் போன் போடாதீர்கள். "அவங்க கிடக்கிறாங்க, நீ படிப்பைப் பாரு" என்றும் சொல்லாதீர்கள். இன்னொரு தடவை அவள் உங்களிடம் வராமல் இருக்க அந்த ஒரு வாக்கியம் போதும். இன்றைக்கு யார் பக்கத்தில் உட்கார்ந்தாய், எங்கே உட்கார்ந்து சாப்பிட்டாய் என்று மட்டும் சாதாரணமாகக் கேளுங்கள், காய்கறி நறுக்கிக்கொண்டே. நேருக்கு நேர் உட்கார வைத்துக் கேட்டால் பிள்ளைகள் பேசமாட்டார்கள்.

ஆசிரியரைத் திரும்பப் போய்ப் பாருங்கள். இந்த முறை யார் மேல் தப்பு என்ற பேச்சை எடுக்கவே வேண்டாம். "என் பொண்ணு மத்தியானம் யார்கூடச் சாப்பிடறான்னு ஒரு வாரம் பார்த்துச் சொல்ல முடியுமா மிஸ்?" என்று கேளுங்கள். பார்க்கச் சொன்னால்தான் எங்களுக்குத் தெரியும். நாற்பது பேரில் சத்தம் போடுகிறவர்களைத்தான் எங்கள் கண் முதலில் பிடிக்கும். இடம் மாற்றி உட்கார வைப்பது, ப்ராஜெக்ட் குழுக்களைச் சீட்டுக் குலுக்கிப் பிரிப்பது, பி.டி. பீரியடில் இரண்டு லீடர்கள் ஆள் எடுக்கும் பழக்கத்தை நிறுத்துவது, இதெல்லாம் ஆசிரியரால் மட்டுமே முடியும். கடைசி ஆளாக மிஞ்சி நிற்கும் பிள்ளையின் முகத்தை ஒரு தடவை உற்றுப் பார்த்த பிறகு, ஆள் எடுக்க வைக்க எனக்கு மனசு வரவில்லை.

இன்னொன்று. அந்த நால்வரும் ஒரே மாதிரி இருக்கமாட்டார்கள். பின்லாந்தின் கிறிஸ்டினா சல்மிவல்லி இதைப் பற்றி நிறைய ஆராய்ந்திருக்கிறார். செய்கிறவள் ஒருத்தி, கூட நிற்கிறவள் ஒருத்தி, சிரித்து ஊக்கம் கொடுக்கிறவள் ஒருத்தி, எதிலும் தலையிடாமல் ஒதுங்கிக்கொள்கிறவர்கள் சிலர், பரிந்து பேசுகிறவர்கள் சிலர் என்று வகுப்பு முழுவதுக்கும் இதில் பங்கு இருக்கிறது என்பது அவர் கண்டது. அந்த நாட்டுப் பள்ளிகளில் நடக்கும் கீவா என்ற திட்டம் வேடிக்கை பார்க்கிறவர்களை மாற்றுவதில்தான் கவனம் வைக்கிறது. என் அனுபவமும் அதுதான். நால்வரில் ஒருத்தி கட்டாயம் அடுத்து தன் முறை வந்துவிடுமோ என்று பயந்துகொண்டிருப்பாள். உங்கள் மகள் கடந்து போகும்போது தலையைக் குனிந்துகொள்கிறவள் யார் என்று கேட்டுப் பாருங்கள், அவளுக்கே தெரியும். ஆசிரியர் அந்தப் பெண்ணிடம் தனியாக, திட்டாமல் ஒரு வார்த்தை பேசினால் பல நேரம் அங்கிருந்துதான் கட்டு தளரும். நால்வரையும் வரிசையாக நிற்க வைத்து மன்னிப்புக் கேட்க வைத்தால் இறுகத்தான் செய்யும். அதையும் நான் செய்து பார்த்திருக்கிறேன்.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடியதில் பெரியது, அந்த வகுப்பறைக்கு வெளியே அவளுக்கு ஒரே ஒரு தோழி கிடைக்க வழி செய்வது. ஒருத்தி போதும். என் மகளுக்கு அது கோகோ அணியில் கிடைத்தது. வேறு செக்‌ஷன் பெண், வேனிலும் அதே வழி. "நாளைக்கு நான் உனக்கு இடம் பிடிச்சு வைக்கிறேன்" என்று அந்தப் பெண் சொன்ன அன்று, என் மகள் பல வாரத்துக்குப் பிறகு தானாகவே காலை ஆறரைக்கு எழுந்து கிளம்பினாள். சிலம்பம், நூலகம், சித்தி பெண், தெருப் பிள்ளை, எதுவானாலும் சரி. பள்ளியை மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு வேண்டாம். எட்டாம் வகுப்பில் செக்‌ஷன் மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

ஒரு விஷயத்தை மட்டும் கவனமாக விசாரியுங்கள். "உங்க வீட்டுச் சாப்பாட்டை வாங்கக்கூடாதுன்னு எங்கம்மா சொன்னாங்க" என்ற மாதிரி ஏதாவது காதில் விழுந்ததா? அப்படியானால் நான் மேலே சொன்னது எதுவும் பொருந்தாது. அது தோழிகளுக்குள் வந்த பிணக்கு கிடையாது, சாதி. நாங்குநேரியில் 2023இல் ஒரு மாணவனைச் சாதியின் பெயரால் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டிய பிறகுதான், பள்ளிகளில் சாதிப் பிரிவினையைத் தடுக்க வழி சொல்வதற்கு நீதிபதி சந்துரு குழு அமைக்கப்பட்டது. சாதியைக் காட்டக் கையில் கட்டும் கலர் கயிற்றைக்கூடப் பள்ளியில் அனுமதிக்கக்கூடாது என்று 2024இல் அது பரிந்துரைத்தது. சாதியின் வாடை அடித்தால் நேராகத் தலைமை ஆசிரியரிடம் எழுத்தில் கொடுங்கள். நிறம், பணம், உடம்பு வாகு என்று கேலி போனாலும் பொறுமை காட்ட வேண்டியதில்லை.

சாப்பாடு குறைவது ஒரு மாதத்துக்கு மேல் நீண்டால், காலையில் வயிற்று வலி என்று பள்ளிக்குப் போக மறுத்தால், இருந்து என்ன பயன் என்ற மாதிரி பேசினால் காத்திருக்க வேண்டாம். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் மனநல ஆலோசகரிடம் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம். குழந்தைகளுக்கான உதவி எண் 1098.

என் வகுப்பில் இப்போது பிறந்தநாள் பெண்ணோடு சாக்லேட் கொடுக்கப் போவது, வருகைப் பதிவேட்டில் அவளுக்கு அடுத்து வரும் பெயர். ஆரம்பத்தில் இரண்டு மாதம் முணுமுணுத்தார்கள். போன வாரம் ஒருத்தி காலையிலேயே என் மேஜைக்கு வந்து, "மிஸ், இன்னிக்கு அவளுக்குப் பர்த்டே, நான்தானே அடுத்து?" என்று கேட்டுப் போனாள். இருவரும் அதற்கு முன் பேசிக்கொண்டு நான் பார்த்ததில்லை. உங்கள் ஆசிரியரிடம் இதையும் சொல்லிப் பாருங்கள், செலவில்லாத மாற்றம். அடுத்த வாரம் சாப்பாடு எவ்வளவு திரும்பி வந்தது என்று முடிந்தால் எழுதுங்கள்.