பேட்டரி ஈயமும் நீலப் பொடியும்: பாலை எப்போது விற்கலாம்?

கேள்வி: எங்கள் மேய்ச்சல் நிலத்தின் ஓரத்தில் யாரோ பழைய பேட்டரிகளை உடைத்து எரித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அங்கே மேய்ந்த ஒரு கன்றுக்குக் கண் தெரியாமல் போனது. சுவரில் தலையை அழுத்திக்கொண்டே நின்றது. மறுநாள் வலிப்பு வந்து இறந்துவிட்டது. பிரேதப் பரிசோதனையில் ஈய விஷம் என்று சொன்னார்கள். மற்ற மாடுகள் நன்றாகத்தான் இருக்கின்றன. பாலைக் கறந்து விற்கலாமா? அணு உலை விபத்துக்குப் பிறகு மாடுகளுக்கு நீலப் பொடி ஒன்றைக் கொடுத்து உடம்பில் இருந்த நஞ்சை எடுத்தார்கள் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். அதை வாங்கிக் கொடுக்கலாமா?

பதில்: இப்போதைக்குப் பாலை விற்காதீர்கள். வீட்டிலும் காய்ச்சிக் குடிக்க வேண்டாம், கன்றுகளுக்கும் ஊட்ட வேண்டாம். காய்ச்சினால் ஈயம் போகாது. பாலில் உள்ள ஈயத்தில் பெரும்பகுதி கேசீன் என்ற புரதத்தோடு ஒட்டியிருக்கும். அதனால் பனீராகத் திரித்தால் ஈயம் கட்டியோடுதான் வரும். விஷத்தைச் சுண்ட வைத்ததுபோல ஆகிவிடும்.

'மற்றவை நன்றாகத்தான் இருக்கின்றன' என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்குக் கவலை தருவது அந்த வரிதான். ஒரு மந்தையில் ஒன்று விழுந்தால், வெளியே எதுவும் காட்டாமல் ரத்தத்தில் ஈயத்தோடு நடமாடும் மாடுகள் பெரும்பாலும் இன்னும் சில இருக்கும். அந்தப் பக்கம் போன எல்லா மாடுகளுக்கும், கறவை, சினை, கிடாரி என்று பார்க்காமல், ரத்தம் எடுத்துப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். ரத்தத்தில் 0.35 பி.பி.எம். (பத்து லட்சம் பங்கில் எத்தனை பங்கு என்ற கணக்கு) அளவோ அதற்கு மேலோ இருந்தால் அந்த மாட்டை ஈயம் தாக்கியிருக்கிறது என்று எடுத்துக்கொள்வார்கள். இறந்த கன்றின் கல்லீரலிலும் சிறுநீரகத்திலும் பார்த்திருந்தால் 10 பி.பி.எம்.மைத் தாண்டியிருக்கும்.

கன்று எதையும் நக்கிப் பார்க்கும். உடைந்த பேட்டரித் தகட்டின் உப்புச் சுவை மாட்டை இழுக்கும். விழுங்கிய துண்டு கனமானது என்பதால், ஆணியும் கம்பியும் போய்த் தங்குகிற இரண்டாம் இரைப்பையிலேயே இதுவும் படிந்துவிடும். அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து வாரக்கணக்கில் ரத்தத்துக்குப் போய்க்கொண்டே இருக்கும். மாட்டை அந்த இடத்திலிருந்து ஓட்டி வந்த பிறகும் நோய் தலைகாட்டுவது இதனால்தான்.

இனி தினமும் ஒவ்வொரு மாட்டையும் நின்று கவனியுங்கள். காது துடிப்பது, இமை படபடப்பது, பல்லை நறநறவென்று கடிப்பது, அசைபோடாமல் நிற்பது, கூட்டத்தை விட்டு ஒதுங்குவது எல்லாம் ஆரம்ப அறிகுறிகள். கண்ணையும் சோதிக்கலாம். காற்றுப் படாமல் கையைக் கண்ணுக்கு முன்னால் சட்டென்று கொண்டுபோங்கள். பார்வை போன மாடு இமைக்காது. அடுத்து டார்ச் அடியுங்கள். கண்ணின் நடுவிலுள்ள கருந்துளையான பாவை சுருங்கினால் கண் நன்றாக இருக்கிறது, மூளைதான் பாதிக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். ஈய விஷத்தில் இப்படித்தான் இருக்கும். தயமின் (வைட்டமின் பி1) சத்துக் குறைவிலும் இதே மாதிரி வரும். வைட்டமின் ஏ பற்றாக்குறையால் வரும் குருட்டில் பாவை விரிந்தே நிற்கும். ஒரு விஷயத்தில் மட்டும் ஜாக்கிரதை: எச்சில் வடித்து, கத்தி, தடுமாறுகிற மாட்டுக்கு வெறிநோயும் இருக்கலாம். டாக்டர் வந்து பார்க்கும்வரை வாய்க்குள் கை விடாதீர்கள்.

இனி அந்த நீலப் பொடி. வீடியோவில் சொன்னது பொய்யில்லை. அதன் பெயர் பிரஷ்யன் நீலம், சாயமாகப் புழங்கிய பொருள். 1986இல் செர்னோபில் அணு உலை வெடித்த பிறகு, கதிரியக்க சீசியம் படிந்த புல்லை மேய்ந்த ஆடு மாடுகளுக்கும் நார்வேயில் கலைமான்களுக்கும் இதன் ஒரு வகையைத் தீவனத்தில் கலந்தும், உப்புக்கட்டியில் சேர்த்தும், இரைப்பையில் தங்கும் பெரிய மாத்திரைகளாகவும் கொடுத்தார்கள். நல்ல பலன் கிடைத்தது. காரணம், சீசியம் உடம்பில் பொட்டாசியம் போகிற வழியில் போகிறது. தசைக்குள் நுழையும், ஆனால் அங்கேயே குடியிருக்காது. ரத்தத்துக்கும் எச்சிலுக்கும் குடலுக்கும் போய்ப் போய்த் திரும்பும். பொடி ரத்தத்தில் ஏறுவதில்லை. குடலிலேயே இருந்து, அங்கே வந்து சேர்கிற சீசியத்தைப் பிடித்துச் சாணியோடு வெளியேற்றும். கதிரியக்க சீசியத்தின் ஒரு வகையான சீசியம்-137இன் அரை ஆயுள், அதாவது அதன் கதிரியக்கம் பாதியாகக் குறைய ஆகும் காலம், ஏறத்தாழ 30 ஆண்டு. ஆனால் தீவனம் சுத்தமாகிவிட்டால் ஆட்டின் தசையில் அது சில வாரங்களிலேயே பாதியாகக் குறைந்துவிடும்.

ஈயத்தின் போக்கு வேறு. அது கால்சியத்தைப்போல நடிக்கும். போய் உட்காருகிற இடம் எலும்பு. அணு விபத்துப் பொருட்களிலேயே ஒப்பிட வேண்டுமானால், சீசியத்தை விட்டுவிட்டு ஸ்ட்ரான்சியம்-90ஐத்தான் சொல்ல வேண்டும். அதுவும் கால்சியத்தின் பின்னால் எலும்புக்குப் போவதுதான். அதற்கே இந்த நீலப் பொடி உதவாது, ஈயத்துக்கும் உதவாது. கதிரியக்கம் வேறு, உலோக நஞ்சு வேறு. 'உடம்பிலிருந்து நஞ்சை எடுக்கும்' என்று பொதுவாகச் சொல்லி விற்கும் எந்தப் பொடியையும் நம்பிப் பணத்தைக் கொட்டாதீர்கள்; எந்த நஞ்சு, உடம்பில் எங்கே இருக்கிறது என்று முதலில் கேளுங்கள்.

ஈயத்துக்கு உரிய வைத்தியம் இருக்கிறது. முதல் வேலை வயிற்றைக் காலி செய்வது. பேதி உப்பு கொடுத்தால், அதிலுள்ள சல்பேட் ஈயத்தோடு சேர்ந்து எளிதில் கரையாத பொருளாகி வெளியேறும். விலை உயர்ந்த மாடாக இருந்தால் இரைப்பையைத் திறந்து துண்டுகளை எடுப்பதும் உண்டு. பிறகு கால்சியம் டைசோடியம் ஈ.டி.டி.ஏ. ஊசியும் தயமின் ஊசியும். இதில் ஈ.டி.டி.ஏ. மருந்துதான் ரத்தத்தில் உள்ள ஈயத்தைக் கவ்விச் சிறுநீர் வழியே வெளியேற்றும். பெயரை முழுதாகப் படித்து வாங்க வேண்டும். கால்சியம் சேராத வெறும் டைசோடியம் ஈ.டி.டி.ஏ. ரத்தத்தின் கால்சியத்தையே உருவிவிடும், இதயம் நின்றுபோகும். அளவும் நாளும் டாக்டர் முடிவு செய்ய வேண்டியவை. எடை பார்த்துத்தான் போட முடியும். ஊசி நின்ற பிறகு எலும்பிலிருந்து ஈயம் திரும்ப ரத்தத்தில் ஏறும். எனவே ஒரு சுற்று முடிந்ததும் 'சரியாகிவிட்டது' என்று பாலைக் கேனில் ஊற்றிவிடாதீர்கள்.

எப்போது விற்கலாம்? நாள் கணக்கு சொல்ல முடியாது. சில மாடுகளில் மாதங்கள் ஆகும், சிலவற்றில் ஓராண்டுக்கு மேலும் இழுக்கும். ஒரே தொழுவத்தில் நிற்கும் இரண்டு மாடுகளே ஒத்துப்போகாது. ஒவ்வொரு மாட்டின் பாலையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும். மொத்தக் கேனில் எடுத்தால் ஒன்றின் ஈயம் மற்றவற்றின் பாலில் கலந்து மறைந்துவிடும். பாலில் ஈயத்துக்கு, உலக அளவில் உணவுத் தரம் வகுக்கும் கோடெக்ஸ் அமைப்பு வைத்திருக்கும் உச்ச வரம்பு கிலோவுக்கு 0.02 மில்லிகிராம். அடுத்தடுத்து எடுத்த பரிசோதனைகளில் ரத்தம் இறங்கி, பாலும் அந்த வரம்புக்குள் வந்த பிறகு யோசிக்கலாம். இறைச்சிக்கு விற்பதும் அதுவரை கூடாது. கல்லீரல், சிறுநீரகம், எலும்பு மூன்றிலும் ஈயம் தேங்கியிருக்கும். இறந்த கன்றை நாய் தோண்டாத ஆழத்தில், கிணற்றுக்குத் தள்ளிப் புதைத்திருக்கிறீர்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நிலத்துக்கு வருவோம். உடனே வேலி போடுங்கள். ஈயம் மேல்மண்ணைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும், சுலபத்தில் கீழே இறங்காது. எரித்த இடத்துச் சாம்பலையும் மேல்மண்ணையும் வழித்தெடுத்து, ஆபத்தான கழிவைக் கையாளுபவர்களிடம் ஒப்படைக்க வேண்டும். முகமூடி கட்டி, மண்ணை நனைத்துவிட்டு வேலை பாருங்கள், பிள்ளைகளைக் கிட்டே விடாதீர்கள். சூரியகாந்தி போட்டால் ஈயத்தை உறிஞ்சிவிடும் என்று யாராவது சொல்வார்கள். ஈய விஷயத்தில் அது பெரிதாகக் கை கொடுக்கவில்லை. செடி வேர்வழி எடுப்பது குறைவு. மாட்டுக்குள் போவது பெரும்பாலும் புல்லில் ஒட்டிய தூசியும் மேயும்போது வாயில் வரும் மண்ணும்தான். அதனால் சுற்றுப்புற மண்ணைப் பரிசோதித்து முடிவு வரும்வரை அங்கிருந்து புல் அறுத்து வந்தும் போட வேண்டாம்.

சினை மாடுகளைத் தனியாகக் குறித்து வையுங்கள். கன்று ஈனும் சமயத்திலும் பால் பெருகும்போதும் எலும்பிலிருந்து கால்சியம் இறங்கும், கூடவே ஈயமும் வரும். முன்பு பரிசோதனையில் தேறிய மாடாக இருந்தாலும், ஈன்ற பிறகு ரத்தத்தையும் பாலையும் இன்னொரு முறை பார்த்துவிட்டுத்தான் கறந்து விற்க வேண்டும்.