சவுண்ட் கார்டை மாற்றும் முன் ரூம் ஹீட்டரைப் பாருங்கள்

கேள்வி: டெல்லி மயூர் விஹாரில் இருக்கிறேன். மாலையில் பிள்ளைகளுக்கு ஜூமில் வயலின் சொல்லிக்கொடுக்கிறேன். விண்டோஸ் 11 டெஸ்க்டாப், மதர்போர்டோடு வந்த சவுண்ட், வைஃபை. குளிர் தொடங்கியதிலிருந்து ஸ்பீக்கரில் விட்டு விட்டு 'டிக் டிக்' என்கிறது. எப்போதாவது 'பட்'டென்று பெரிதாக ஒரு சத்தம். தம்புரா போடும்போது முதலில் ஒரு 'டொக்'. நேரு பிளேஸ் கம்ப்யூட்டர் கடைகளில் கேட்டால், சவுண்ட் கார்டு போயிருக்கும், புதிது போடுங்கள் என்கிறார்கள். போடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். கெட்டுப்போன கார்டு ஒன்றே இப்படி மூன்று விதமாகச் சத்தம் போடுவது அபூர்வம். மூன்றுக்கும் தனித்தனிக் காரணம் இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். சத்தம் எப்படி இருக்கிறது என்பதைவிட எப்போது வருகிறது என்பதைக் கவனித்தால் காரணம் பிடிபடும்.

முதலில் அந்த 'டிக் டிக்'. ஐந்து நிமிடம் ஓடக்கூடிய தம்புரா ஒலிப்பதிவு ஒன்றைக் கம்ப்யூட்டரில் சேமித்துக்கொள்ளுங்கள். இடைவெளி இல்லாத நாதம் என்பதால் சின்ன டிக் கூடத் தப்பாது. ஜூமை மூடிவிட்டு அதை இரண்டு முறை ஓட்டி, டிக் வரும் நேரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு முறையும் அதே இடங்களில் வந்தால் கோளாறு பதிவிலேயே இருக்கிறது. இடம் மாறினால் கம்ப்யூட்டரில். அப்புறம் வைஃபையை அணைத்துவிட்டு மூன்றாவது முறை ஓட்டுங்கள். டிக் நின்றுவிட்டதா? அப்படியானால் கார்டு நிரபராதி.

வைஃபைக்கும் சவுண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும். உங்கள் கம்ப்யூட்டர் பெரும்பாலும் நொடிக்கு 48,000 சாம்பிள் (ஒலி அலையின் அளவைச் சொல்லும் எண்) வீதம் ஒலியை அனுப்புகிறது. ஒவ்வொன்றாக அல்ல, பத்து மில்லிநொடிக்கு 480 என்று தொகுதி தொகுதியாக. பந்தியில் இலை காலியாவதற்குள் பரிமாறுபவர் வந்தாக வேண்டும் அல்லவா, அதே கதைதான். வைஃபை, கிராபிக்ஸ் போன்ற ஏதாவது ஒன்றின் டிரைவர், அதாவது அந்தச் சாதனத்தை இயக்கும் மென்பொருள், பிராசஸரைச் சற்று அதிக நேரம் பிடித்துவைத்துக்கொண்டால் அடுத்த தொகுதி தாமதமாகிறது. ஒலி அலை பாதியில் அறுந்து, வேறொரு இடத்தில் தொடர்கிறது. அந்த அறுப்புதான் காதில் 'டிக்'. பிராசஸர் பத்து சதவீதம்கூட வேலை செய்யாதபோதும் இது நடக்கும். ஆகவே டாஸ்க் மேனேஜரைப் பார்த்து எல்லாம் சரியாக இருக்கிறது என்று முடிவு கட்டாதீர்கள்.

யார் பிடித்துவைக்கிறார்கள் என்று காட்டிக்கொடுக்க லேட்டன்சிமான் (LatencyMon) என்ற மென்பொருள் இருக்கிறது. வீட்டு உபயோகத்துக்கு இலவசம். பத்து நிமிடம் ஓடவிட்டு, டிரைவர் பட்டியலில் அதிக நேரம் எடுத்தது எது என்று பாருங்கள். என்டிஐஎஸ் (ndis) என்ற பெயர் மேலே இருந்தால் நெட்வொர்க் பக்கம். என்வி (nv) என்று தொடங்கினால் பெரும்பாலும் என்விடியா கிராபிக்ஸ். அந்த டிரைவரை, தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்தே இறக்கிப் புதுப்பியுங்கள். பவர் மோடை 'பெஸ்ட் பெர்ஃபார்மன்ஸ்' என்று மாற்றுங்கள். அப்படியும் டிக் நிற்காவிட்டால், ரூட்டரிலிருந்து ஒரு லேன் கேபிள் இழுத்துவிட்டு வகுப்பு நேரத்தில் வைஃபையை அணைத்துவிடுங்கள். ஆன்லைனில் சங்கீதம் சொல்லித்தரும் யாருக்கும் நான் முதலில் சொல்வது இந்த கேபிளைத்தான்.

இந்த வகை டிக்குக்குப் புதுக் கார்டு வாங்கினால் அதிலும் டிக் கேட்கும். பிராசஸர் நேரத்துக்குத் தராததைக் கார்டு எங்கிருந்து கொண்டுவரும்?

அடுத்து 'பட்'. குளிர் தொடங்கியதிலிருந்து என்று நீங்கள் எழுதியதும் எனக்கு ரூம் ஹீட்டர் நினைவுதான் வந்தது. ஹீட்டர், கீசர், ஃபிரிட்ஜ் எல்லாம் தாமாகவே அணைந்து எரியும் சாதனங்கள். 1,000, 2,000 வாட் இழுக்கும் ஹீட்டரின் தெர்மோஸ்டாட் அணையும்போது உள்ளே சிறு தீப்பொறி பறக்கிறது. அந்தத் துடிப்பு கரண்ட் கம்பி வழியாகவும் காற்று வழியாகவும் ஸ்பீக்கர் ஒயருக்குள் புகுந்துவிடும். சோதிப்பது சுலபம்: ஹீட்டரின் திருகைத் திருப்பி, அது அணையும் நொடியில் 'பட்' வருகிறதா என்று கேளுங்கள். வந்தால் ஹீட்டரை வேறு சுவரில் உள்ள பிளக்குக்கு மாற்றுங்கள். கம்ப்யூட்டரும் ஹீட்டரும் ஒரே எக்ஸ்டென்ஷன் பலகையில் இருந்தால், சத்தம் இருக்கட்டும், தீ விபத்துக்கே பயப்பட வேண்டும்.

மாற்றியும் நிற்கவில்லை என்றால் எர்த்தைச் சந்தேகியுங்கள். பழைய ஃபிளாட்டுகளில் பிளக்கின் மூன்றாவது ஓட்டை பெயருக்கு மட்டும் இருப்பது உண்டு. எலக்ட்ரீஷியனை அழைத்துச் சோதிக்கச் சொல்லுங்கள், நீங்களே கை வைக்க வேண்டாம். இரைச்சல் போக பிளக்கின் எர்த் பின்னை எடுத்துவிடச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். கேட்காதீர்கள். அது ஷாக் அடிக்கும்போது உயிரைக் காப்பாற்றும் பின்.

'டொக்' பெரும்பாலும் ஒன்றுமில்லாத விஷயம். சும்மா இருக்கும்போது மின்சாரம் மிச்சம் பிடிக்க சவுண்ட் சிப் தூங்கப் போகிறது, ஒலி வந்ததும் விழித்துக்கொள்ளும் சத்தம் அது. டிவைஸ் மேனேஜரில் இப்போதுள்ள ஆடியோ டிரைவருக்குப் பதிலாக, விண்டோஸோடு வரும் 'ஹை டெபினிஷன் ஆடியோ டிவைஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் பல கம்ப்யூட்டர்களில் நின்றுவிடும். மாற்ற விருப்பமில்லையா, வகுப்பு முழுக்க தம்புராவை மெல்லிசாக ஓடவிடுங்கள். சிப் தூங்காது, பிள்ளைகளுக்குச் சுருதியும் நிற்கும்.

நீங்கள் சொல்லாத ஒன்று: பிள்ளைகளுக்கு உங்கள் வயலின் எப்படிக் கேட்கிறது? அவர்களுக்கு நாதம் விட்டுவிட்டுத் தேய்ந்து கேட்டால் அது வேறு விவகாரம். ஜூம் வயலினை இரைச்சல் என்று நினைத்து அடக்கப் பார்க்கும். ஆடியோ அமைப்பில் 'ஒரிஜினல் சவுண்ட் ஃபார் மியூசிஷியன்ஸ்' என்பதை இயக்கிவிடுங்கள்.

இத்தனைக்கும் பிறகு சத்தம் நீடித்தால், ஸ்பீக்கர் பின்னை லேசாக அசைத்துப் பாருங்கள். அசைக்கும்போதெல்லாம் கரகரத்தால் சாக்கெட் தேய்ந்துவிட்டது. கேபினெட்டின் முன்பக்க சாக்கெட்டில் செருகியிருந்தால் பின்பக்கத்துக்கு மாற்றுங்கள். பின்பக்கமும் அப்படித்தான் என்றால் அப்போது வாங்கலாம். அதற்கும் கார்டு தேவையில்லை. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் யூஎஸ்பி சவுண்ட் அடாப்டர் போதும். அதை யூஎஸ்பி ஹப்பில் (ஒரு போர்ட்டைப் பலவாகப் பிரிக்கும் பெட்டி) செருகாமல் மதர்போர்டின் போர்ட்டில் நேராகச் செருகுங்கள்.